"எரர் வருது மாமா": சி புரோகிராம் பில்ட் ஆகாதபோது எங்கே பார்ப்பது

அக்கா மகன் இன்ஜினீயரிங் முதல் வருஷம் சேர்ந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது போன் வருகிறது. "மாமா, எரர் வருது." என்ன எரர் என்று கேட்டால் "நிறைய வருது" என்பான். வாசித்துக் காட்டுடா என்றால் ஸ்க்ரீனில் கடைசியாக இருக்கும் வரியை வாசிப்பான், அந்த வரியில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஒரு செமஸ்டர் இப்படிப் போன பிறகு, போனில் நான் திரும்பத் திரும்பச் சொல்வதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சி மொழி, ஜிசிசி கம்பைலர், இந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்லப்போகிறேன். கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். கட்டளைகளையும் எரர் செய்திகளையும் போனில் வாசிப்பதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எரர் என்று பார்த்ததுமே கோடைத் திறந்து செமிகோலன் தேட ஆரம்பிக்காதீர்கள். இந்தப் புகாரைச் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள். பில்ட் என்றால் நாம் எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாக ஆக்குவது, அந்த ஒரே சொல்லுக்குள் நான்கைந்து பேர் வரிசையாக வேலை பார்க்கிறார்கள். லிங்கர் சொல்லும் புகாருக்குக் கம்பைலருக்கான மருந்தைக் கொடுத்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் சரியாகாது.

யார் யார் இருக்கிறார்கள்

நீங்கள் ஜிசிசி என்று தட்டியதும் முதலில் அதைப் பார்ப்பது டெர்மினல். ஜிசிசி என்றொரு புரோகிராம் இந்த மெஷினில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால், முதலில் பிரீபிராசசர் வந்து ஹேஷ் போட்ட வரிகளை, அதாவது இன்க்ளூட், டிஃபைன் போன்றவற்றை விரித்துக் கொடுக்கும். அடுத்தது கம்பைலர், இலக்கணம் பார்ப்பது இதுதான். அப்புறம் அசெம்ப்ளர் மெஷின் மொழியில் ஓர் ஆப்ஜெக்ட் ஃபைல் செய்து தரும். அசெம்ப்ளர் பேசி நான் கேட்டது அபூர்வம், அதை மறந்துவிடலாம். கடைசியில் லிங்கர், எல்லா ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் லைப்ரரிகளையும் ஒன்றாகத் தைத்து ஓடக்கூடிய ஒரு ஃபைலாக ஆக்கித் தரும்.

கம்பைலருக்கும் லிங்கருக்கும் உள்ள வித்தியாசம் புரியாமல்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரம் இன்னார் என்று அச்சடித்திருக்கிறோம். பத்திரிகையைப் பார்க்கிறவருக்கு அது போதும், ஆள் இருக்கிறார் என்று நம்பிக்கொள்வார். இன்க்ளூட் வரியில் பெயர் சொல்லிச் சேர்க்கிறோமே, அந்த ஹெடர் ஃபைல்தான் பத்திரிகை, அதை நம்புகிறவர் கம்பைலர். முகூர்த்த நேரத்தில் மேடையைப் பார்த்து "எங்கேய்யா நாதஸ்வரக்காரர்?" என்று கேட்பவர்தான் லிங்கர். பத்திரிகையை எத்தனை முறை திருத்தி அச்சடித்தாலும் அவர் கேள்விக்குப் பதில் ஆகாது, ஆளைக் கூட்டி வர வேண்டும்.

இருவரில் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஜிசிசி, மைனஸ் சின்ன சி, அப்புறம் ஃபைல் பெயர் என்று கொடுங்கள். இது ஆப்ஜெக்ட் ஃபைல் வரைக்கும் போய் நின்றுவிடும், லிங்கரைக் கூப்பிடவே கூப்பிடாது. எரர் இல்லாமல் முடிந்தால் உங்கள் கோடின் இலக்கணத்தில் தப்பில்லை, பிரச்சினை லிங்கரில். இதிலேயே எரர் வந்தால் லிங்கரைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

முதல் படி: கம்பைலர் இருக்கிறதா, ஃபைல் இருக்கிறதா

விண்டோஸில் "ஜிசிசி இஸ் நாட் ரெகக்னைஸ்ட்" என்று தொடங்கி ஒரு வரி வந்தாலோ, லினக்ஸில் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்தாலோ, உங்கள் கோடை இன்னும் யாரும் படிக்கவே இல்லை. விஎஸ் கோட் போட்டதும் கம்பைலரும் வந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் எடிட்டர்தான், கம்பைலரைத் தனியாகப் போட வேண்டும். உபுண்டுவில் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட் எசென்ஷியல் என்ற ஒரே கட்டளையில் முடிந்தது, பில்டுக்கும் எசென்ஷியலுக்கும் நடுவில் ஒரு ஹைஃபன் உண்டு. மேக்கில் எக்ஸ்கோட் ஹைஃபன் செலக்ட் கட்டளையோடு மைனஸ் மைனஸ் இன்ஸ்டால் கொடுத்தால் போதும். ஜிசிசி என்று தட்டினாலும் அங்கே ஓடுவது கிளாங்தான், பயப்பட வேண்டாம். விண்டோஸில் எம்எஸ்ஒய்எஸ்2 வழியாக மிங்டபிள்யூ, அதாவது விண்டோஸுக்கான ஜிசிசி, போட்டுவிட்டு, ஜிசிசி இருக்கும் பின் ஃபோல்டரை பாத் வேரியபிளில், அதாவது டெர்மினல் புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில், சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அதே எரர் வந்தால் டெர்மினலை மூடித் திறந்தீர்களா என்று பாருங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்குப் புது பாத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அடுத்து, "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". இந்தச் செய்தி இரண்டு விதமாக வரும். உங்கள் சி ஃபைலின் பெயரைச் சொல்லி வந்தால், நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள். லினக்ஸில் எல்எஸ், விண்டோஸில் டிர் தட்டி ஃபைல் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். நோட்பேடில் எழுதியவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பொறி உண்டு. கணக்கு.சி என்று சேவ் செய்திருப்பீர்கள், அது சத்தமில்லாமல் கணக்கு.சி.டிஎக்ஸ்டி ஆகியிருக்கும், கடைசி டிஎக்ஸ்டியை விண்டோஸ் மறைத்துக் காட்டும். அந்த முழுப் பெயரோடு ஜிசிசிக்குக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை. தெரியாத வால் என்பதால் அது கம்பைலரிடம் போகாது, நேராக லிங்கரிடம் தள்ளிவிடப்படும், லிங்கர் "ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்ட்" என்று விழிக்கும்.

ஹெடரின் பெயரைச் சொல்லி அதே செய்தி வந்தால் பேசுவது பிரீபிராசசர். பிரிண்ட்எஃப்புக்காக எல்லாரும் சேர்க்கும் எஸ்டிடிஐஓ ஹெடரே கிடைக்கவில்லை என்றால் மேலே சொன்ன பில்ட் எசென்ஷியல் முழுதாக இறங்கவில்லை. நீங்களே எழுதிய ஹெடர் என்றால் கோண அடைப்புக்குப் பதில் இரட்டை மேற்கோளுக்குள் பெயர் இருக்க வேண்டும். வேறு ஏதாவது லைப்ரரியின் ஹெடர் என்றால், உபுண்டுவிலும் டெபியனிலும் லைப்ரரி தனி, அதை வைத்து பில்ட் செய்வதற்கான டெவ் பேக்கேஜ் தனி. பெயரின் கடைசியில் ஹைஃபன் டெவ் என்று வரும் அந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவோம்.

இரண்டாம் படி: கட்டளையைச் சரியாகக் கொடுங்கள்

ஜிசிசி, மைனஸ் வால், மைனஸ் சின்ன ஜி, கணக்கு.சி, மைனஸ் சின்ன ஓ, கணக்கு. தினமும் இப்படியே தட்டிப் பழகுங்கள். வால் என்பதில் முதல் எழுத்து பெரிய டபிள்யூ, மற்றவை சின்ன எழுத்து. இது தரும் எச்சரிக்கைகள் எப்படி உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

மைனஸ் ஓ விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. அதற்கு அடுத்து வரும் பெயரில் முடிவை எழுதுவேன் என்று அர்த்தம். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் மைனஸ் ஓவுக்கு அடுத்து ஒரு சி ஃபைலின் பெயரைக் கொடுத்து, அதற்கடுத்து இன்னொரு சி ஃபைலைக் கொடுத்துவிட்டேன். பில்ட் அழகாக முடிந்தது. முதல் ஃபைலைத் திறந்து பார்த்தால் நான் எழுதிய கோட் இல்லை, பைனரிக் குப்பை. இரண்டு இடத்திலும் ஒரே பெயரைக் கொடுத்திருந்தால் இப்போதைய ஜிசிசி தடுத்திருக்கும், வேறு பெயர் என்றால் அதுவும் என்ன செய்யும், நாம் சொன்னதைத்தான் செய்யும்.

மூன்றாம் படி: மேலே போங்கள்

நாற்பது எரர் வந்திருந்தால் அதில் உண்மையானவை இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒரு அடைப்பை மூடாமல் விட்டால் கம்பைலர் அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொண்டு புலம்பும். அதனால் டெர்மினலில் மேலே உருட்டி முதல் எரருக்குப் போங்கள், அதை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். உருட்டச் சோம்பலாக இருந்தால் மைனஸ் டபிள்யூ ஃபேட்டல் ஹைஃபன் எரர்ஸ் என்று கட்டளையில் சேர்த்துவிடுங்கள், டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. முதல் எரரோடு நின்றுவிடும். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட மன அமைதி தரும் ஆப்ஷன் வேறில்லை.

எரர் வரியை எப்படிப் படிப்பது? ஃபைல் பெயர், கோலன், வரி எண், கோலன், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து, கோலன், எரரா வார்னிங்கா, அப்புறம் செய்தி. கணக்கு.சி:7:21 என்றால் ஏழாவது வரி, இருபத்தோராவது எழுத்து. ஆனால் அந்த வரி எண் தப்பு நடந்த இடத்தைக் காட்டுகிறது என்று நம்பிவிடக் கூடாது, கம்பைலருக்குச் சந்தேகம் வந்த இடத்தைத்தான் அது காட்டுகிறது. ஆறாவது வரியில் செமிகோலன் விட்டுப்போனால், ஏழாவது வரியில் ரிட்டர்னைப் பார்த்த பிறகுதான் கம்பைலருக்குத் தெரியும். அதனால் பழைய ஜிசிசிகள் "எக்ஸ்பெக்டட் செமிகோலன் பிஃபோர் ரிட்டர்ன்" என்று சொல்லிவிட்டு ஏழாவது வரியைக் காட்டும், அந்த வரியையே பத்து நிமிஷம் முறைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு தப்பும் இருக்காது. 2018இல் வந்த ஜிசிசி 8 முதல் செமிகோலன் வர வேண்டிய இடத்தையே, முந்தைய வரியின் கடைசியில், சுட்டிக் காட்டுகிறது. கல்லூரி லேபில் இருப்பது எந்த வெர்ஷன் என்று தெரியாததால், காட்டிய வரி சுத்தமாக இருந்தால் அதற்கு மேல் வரியைப் பார் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கம்பைலர் சொல்வது

"அன்டிக்ளேர்ட்" என்ற சொல் வந்தால் அந்தப் பெயரை இதுவரை கேட்டதில்லை என்கிறது. எழுத்துப் பிழையாக இருக்கலாம், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கலாம், ஒரு ஃபார் லூப்பின் உள்ளே அறிவித்த வேரியபிளை வெளியே வந்து தேடிக்கொண்டிருக்கலாம். ஜிசிசி இப்போதெல்லாம் "டிட் யூ மீன்" என்று ஒரு யோசனையும் சொல்கிறது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"எக்ஸ்பெக்டட் டிக்ளரேஷன் ஆர் ஸ்டேட்மென்ட் அட் எண்ட் ஆஃப் இன்புட்" என்று ஃபைலின் கடைசி வரியைக் காட்டினால், எங்கேயோ ஒரு நெளிவு அடைப்பை மூடவில்லை. எங்கே என்று கம்பைலருக்கே தெரியாது. விஎஸ் கோட் என்றால் விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கோட் ஒழுங்காக அடுக்கப்படும், எந்த இடத்திலிருந்து எல்லாம் ஒரு படி உள்ளே தள்ளிப்போகிறதோ அங்கேதான் மூடாத அடைப்பு இருக்கிறது.

"ஸ்ட்ரே 342 இன் புரோகிராம்". இது வந்தால் எழுதியவருக்குக் கோபமே வரும், ஏனென்றால் கோடைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப் நோட்ஸிலிருந்தோ கோடை எடுத்து ஒட்டியிருப்பீர்கள். அதில் நேரான மேற்கோள் குறிக்குப் பதிலாக வளைந்த மேற்கோள் குறி வந்திருக்கும். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்8 முறையில் வளைந்த திறப்புக் குறி மூன்று பைட், ஆக்டலில், அதாவது எட்டின் அடிமானத்தில், எழுதினால் 342, 200, 234. அந்த முதல் பைட்டைத்தான் கம்பைலர் உங்களிடம் நீட்டி "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறது. "எக்ஸ்டெண்டட் கேரக்டர்" என்று தொடங்கும் செய்தி வந்தாலும் சங்கதி இதேதான். 302, 240 என்று வந்தால் அது உடையா இடைவெளி, வலைப்பக்கங்களிலிருந்து காப்பி செய்தால் வரும், பார்வைக்குச் சாதாரண ஸ்பேஸ் மாதிரியே இருக்கும். அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் திரும்பத் தட்டுங்கள், வேறு வைத்தியம் தேட வேண்டாம்.

இதை எழுதும்போது நினைவுக்கு வருகிறது. தமிழ் எழுத்து கோடில் வந்தால் இப்படி எரர் வருமா என்று அக்கா மகன் கேட்டான். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் பெயர்களை யுடிஎஃப்8இல் நேரடியாக எழுதலாம், மதிப்பெண் என்றே ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைக்கலாம், பில்ட் ஆகும். வைத்துப் பாருங்கள், நன்றாக இருக்கும். ரெகார்ட் நோட்டில் எழுதி வாத்தியாரிடம் காட்டுவது உங்கள் தைரியம்.

"இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்" என்பது, நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷனைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை என்று கம்பைலர் சொல்வது. ஹெடர் சேர்க்க மறந்திருப்பீர்கள், அல்லது உங்கள் ஃபங்ஷன் மெயினுக்குக் கீழே இருக்கிறது, மேலே அதற்கு ஒரு அறிவிப்பு வரி இல்லை. சி99 என்ற 1999ஆம் வருஷத்துச் சி மொழித் தரத்திலேயே இது ஒழிக்கப்பட்ட பழக்கம், ஆனாலும் ஜிசிசி ரொம்ப காலம் வார்னிங்கோடு விட்டுக்கொண்டிருந்தது. 2024இல் வந்த ஜிசிசி 14இல் எரராகவே ஆக்கிவிட்டார்கள். சீனியரின் லேப்டாப்பில் ஓடிய அதே புரோகிராம் உங்கள் புது லேப்டாப்பில் ஓடவில்லை என்றால் இது ஒரு காரணமாக இருக்கலாம், சீனியர் பொய் சொல்லவில்லை.

டர்போ சி வியாதி

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றின் லேபிலும் நோட்ஸிலும் டர்போ சி இன்னும் உயிரோடு இருக்கிறது. போர்லாண்ட் நிறுவனம் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காகச் செய்த கம்பைலர் அது, இப்போது டாஸ் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் போட்டு அதற்குள் ஓட்டுகிறார்கள். அதற்கு எழுதிய புரோகிராமை ஜிசிசியிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

கோனியோ ஹெடர் லினக்ஸில் கிடையாது, முதல் வரியிலேயே நிற்கும். விண்டோஸ் மிங்டபிள்யூவில் அந்த ஹெடர் இருக்கிறது, ஒரு கீ அழுத்தும் வரை காத்திருக்கும் கெட்சிஹெச் வேலை செய்யும், ஆனால் திரையைத் துடைக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆர் இல்லை. இரண்டையும் அந்த ஹெடர் வரியையும் அழித்துவிடுங்கள், உங்கள் கணக்குக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாய்ட் மெயின் என்பதை இன்ட் மெயின் ஆக்குங்கள். சி என்றால் ஜிசிசி முணுமுணுத்துவிட்டு விடும், சி பிளஸ் பிளஸ் என்றால் எரரே போடும். கெட்ஸ் ஃபங்ஷனை சி11 தரத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள், எவ்வளவு நீளமாகத் தட்டினாலும் வாங்கிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும் என்பதால். எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள். சி பிளஸ் பிளஸ் படிப்பவர்களுக்கு ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் வரும் டாட் ஹெச், 1998இல் வந்த தரத்திலேயே இல்லை. அதை எடுத்துவிட்டு சிஅவுட்டுக்கு முன்னால் எஸ்டிடியும் இரண்டு கோலனும் போடுங்கள். கிராஃபிக்ஸ் ஹெடரை வைத்து வட்டம் வரையும் பயிற்சி இருந்தால் அதை மட்டும் டர்போ சியிலேயே செய்து மார்க்கை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக ஜிசிசியோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஐந்தாம் படி: லிங்கர் சொல்வது

கடைசி வரியில் "கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்" என்று இருந்தால் லிங்கர் கோபத்தில் இருக்கிறது என்பது உறுதி. எல்டி என்பது லிங்கரின் பெயர். அக்கா மகன் எப்போதும் வாசித்துக் காட்டிய வரி இதுதான். இதைத் தேடுபொறியில் போட்டால் ஆயிரம் பதில் வரும், ஒன்றும் உங்கள் பிரச்சினையாக இருக்காது. லிங்கர் தோற்றுப்போனது என்பதைத் தவிர இந்த வரியில் வேறு தகவலே கிடையாது. இதற்கு மேலே இருக்கும் வரிகளைப் பாருங்கள்.

அங்கே "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு" என்று வந்து ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் மேடைக்கு வராத நாதஸ்வரக்காரர். இனி பெயரைப் பொறுத்து.

பெயர் மெயின் என்றால், அல்லது விண்டோஸில் வின்மெயின் என்றால், உங்கள் புரோகிராமில் மெயின் ஃபங்ஷன் இல்லை என்கிறது. மிங்டபிள்யூ மெயின் கிடைக்காதபோது வின்மெயின் இருக்கிறதா என்று தேடும், அதனால்தான் நீங்கள் எழுதவே எழுதாத ஒரு பெயரைச் சொல்லித் திட்டுகிறது. நான்தான் எழுதியிருக்கிறேனே என்பீர்கள். ஏயும் ஐயும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரி என்றால் ஃபைலை சேவ் செய்தீர்களா என்று பாருங்கள். விஎஸ் கோடில் சேவ் செய்யாத ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டப் புள்ளி இருக்கும். திரையில் நூறு வரி தெரியும், டிஸ்க்கில் இருப்பது காலி ஃபைல், ஜிசிசி படிப்பது டிஸ்க்கில் இருப்பதைத்தான்.

பெயர் எஸ்க்யூஆர்டி, பிஓடபிள்யூ மாதிரி கணித ஃபங்ஷன் என்றால், லினக்ஸில் கணித லைப்ரரி தனியாக இருக்கிறது, கட்டளையின் கடைசியில் மைனஸ் எல்எம் சேர்க்க வேண்டும். மேத் ஹெடரைத்தான் சேர்த்துவிட்டேனே என்று கேட்பவர்கள் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எஸ்க்யூஆர்டிக்குள் 49 என்று எண்ணையே நேரடியாகப் போட்டால் மைனஸ் எல்எம் இல்லாமலே பில்ட் ஆகிவிடும், அதே இடத்தில் ஒரு வேரியபிளைப் போட்டால் எரர் வரும். எண் நேரடியாக இருந்தால் கம்பைலரே அப்போதே கணக்குப் போட்டு ஏழு என்று எழுதிவிடுகிறது, லைப்ரரியைக் கூப்பிட வேண்டிய அவசியமே வருவதில்லை. விண்டோஸ் மிங்டபிள்யூவில் மைனஸ் எல்எம் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்பதால், வீட்டில் ஓடியது லேபில் ஓடவில்லை என்ற குழப்பமும் இங்கிருந்துதான் வருகிறது.

மைனஸ் எல்எம் போட்டும் எரர் வந்தால் எங்கே போட்டீர்கள்? லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். லைப்ரரியைப் பார்க்கும் நேரத்தில் அதுவரை யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை என்றால், இது எதற்கு என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடும், அதற்குப் பிறகு உங்கள் ஃபைல் வந்து கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. உபுண்டுவில் இது கண்டிப்பாக உதைக்கும். கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால்.

பெயர் நீங்களே எழுதிய ஃபங்ஷன் என்றால், அதை எழுதிய சி ஃபைலைக் கட்டளையில் சேர்க்கவில்லை. மெயின் ஒரு ஃபைலிலும் வட்டிக் கணக்கு இன்னொரு ஃபைலிலும் இருந்தால் இரண்டு பெயரையும் ஜிசிசிக்குக் கொடுக்க வேண்டும். ஹெடரை இன்க்ளூட் செய்தால் அதோடு சேர்ந்த சி ஃபைல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. விஎஸ் கோடின் ரன் பட்டனை அழுத்துகிறவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள், அது வழக்கமாகத் திறந்திருக்கும் ஒரே ஃபைலை மட்டும் கொடுக்கும்.

பெயரில் எஸ்டிடி, சிஅவுட் என்றெல்லாம் வந்தால், சி பிளஸ் பிளஸ் ஃபைலை ஜிசிசி என்று கூப்பிட்டு பில்ட் செய்திருக்கிறீர்கள். ஜி பிளஸ் பிளஸ் என்று கூப்பிடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் "மல்டிபிள் டெஃபனிஷன் ஆஃப்". ஒரே மேடைக்கு இரண்டு நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார்கள். ஒரு சி ஃபைலுக்குள் இன்னொரு சி ஃபைலை இன்க்ளூட் செய்து, கட்டளையிலும் இரண்டையும் கொடுத்தால் வரும். இல்லையென்றால் ஹெடருக்குள் இன்ட் மொத்தம் என்று ஒரு குளோபல் வேரியபிளை வைத்து, அந்த ஹெடரை இரண்டு ஃபைலில் சேர்த்திருப்பீர்கள். ஜிசிசி 10க்கு முன்னால் இது ஓசையில்லாமல் கடந்துபோகும், அதற்குப் பிறகு எரர். ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு அறிவிப்பை மட்டும் வையுங்கள், உண்மையான வேரியபிள் ஒரே ஒரு சி ஃபைலில் இருக்கட்டும்.

கடைசியாக, விண்டோஸ்காரர்களுக்கு மட்டும்: "கேனாட் ஓபன் அவுட்புட் ஃபைல்", கூடவே "பர்மிஷன் டினைட்". போன முறை ஓட்டிய புரோகிராம் இன்னும் எங்கேயோ ஒரு கறுப்பு ஜன்னலில் உங்கள் என்டருக்காகக் காத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்இ ஃபைலின் மேல் விண்டோஸ் எழுத விடாது. அந்த ஜன்னலை மூடுங்கள், கிடைக்கவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் தேடி முடித்துவிடுங்கள்.

பில்ட் ஆனது, ஆனாலும்

வால் ஆப்ஷன் தரும் எச்சரிக்கைகளைப் படிக்காமல் ஓட்டுகிறவர்கள் அடுத்து சந்திப்பது செக்மென்டேஷன் ஃபால்ட், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டு புரோகிராம் பாதியில் விழுவது. ஸ்கேன்எஃப்பில் வேரியபிளுக்கு முன்னால் ஆம்பர்சண்ட் போட மறந்தால் பில்ட் நிற்காது. "எக்ஸ்பெக்ட்ஸ் ஆர்க்யுமெண்ட் ஆஃப் டைப் இன்ட் ஸ்டார்" என்று ஒரு வார்னிங் மட்டும் வரும். முகவரி கேட்ட இடத்தில் மதிப்பைக் கொடுத்திருக்கிறீர்கள், அந்த மதிப்பையே முகவரியாக எடுத்துக்கொண்டு யார் வீட்டுக் கதவையோ போய்த் தட்டும். இஃப்பில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று போட்டாலும் வார்னிங்தான், எரர் இல்லை. வார்னிங் ஒன்றுகூட இல்லாமல் பில்ட் ஆகிற வரைக்கும் ஓட்டாதீர்கள். ஆரம்பத்தில் இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

லினக்ஸில் புரோகிராமுக்கு டெஸ்ட் என்று பெயர் வைத்து, டெஸ்ட் என்று தட்டி, ஒன்றுமே வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. டெஸ்ட் என்று ஷெல்லிலேயே ஒரு கட்டளை இருக்கிறது, ஓடியது அது. டாட், ஸ்லாஷ், அப்புறம் பெயர் என்று கொடுத்தால்தான் உங்களுடையது ஓடும்.

ஒன்றும் புரியவில்லை என்றால்

பாதிக் கோடை மறைத்துப் பாருங்கள். ஹேஷ் இஃப் ஜீரோ என்று ஒரு வரி, சந்தேகப் பகுதிக்குக் கீழே ஹேஷ் எண்டிஃப் என்று ஒரு வரி, நடுவில் இருப்பது கம்பைலர் கண்ணில் படாது. எரர் போய்விட்டால் மறைத்த பாதியில் இருக்கிறது, போகவில்லை என்றால் மீதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் முந்நூறு வரி புரோகிராமிலும் எட்டு ஒன்பது தடவைக்குள் குற்றவாளி வரிக்கு வந்துவிடலாம்.

அப்புறமும் முடியாமல் யாரிடமாவது கேட்பதாக இருந்தால், ஸ்க்ரீனை போனில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எரரை எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள். லினக்ஸில் நீளமாக இருந்தால் கட்டளையின் கடைசியில் 2 என்ற எண்ணும் அதை ஒட்டி வலம் பார்த்த அம்புக்குறியும் போட்டு ஒரு ஃபைல் பெயர் கொடுங்கள், எல்லாம் அதில் சேமிக்கப்படும். அந்த 2 முக்கியம், அது இல்லாமல் அம்புக்குறி மட்டும் போட்டால் எரர் ஸ்க்ரீனிலேயே கொட்டும், ஃபைல் காலியாக இருக்கும். கூடவே நீங்கள் தட்டிய முழுக் கட்டளை, ஜிசிசி மைனஸ் மைனஸ் வெர்ஷன் காட்டும் முதல் வரி, முதல் எரருக்குக் காரணமான கோட் பகுதி. இவ்வளவும் இருந்தால் பாதிப் பேர் உங்களுக்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார்கள்.

போன வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது, படம் இல்லை, எழுத்து. முழுக் கட்டளை, வெர்ஷன், முதல் எரர், எல்லாம் வரிசையாக. எரர் வின்மெயின். நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தியை அழித்துவிட்டு அடுத்தது வந்தது: "சேவ் பண்ணல மாமா. தூங்குங்க."